பத்து நாள் தோழமை: இரு நூல்களை முன்வைத்துச் சில சிந்தனைகள்

அரபு மொழியில் பயணத்தைக் குறிக்கும் சொல் ‘ஸஃபர்’. மூடியிருப்பது திறத்தல், திரை விலகுதல் என்பது அதன் வேர்ப்பொருள். வைகறை வெளுப்பதற்கும், பெண் தன் முகத்திரையை நீக்குவதற்கும் இதே வேரிலிருந்து சொற்கள் பிறந்துள்ளன. பயணம் மனிதரின் குணங்களை வெளிப்படுத்திவிடுவதால்தான் அதற்கு இப்பெயர் அமைந்தது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் விளக்குகிறார்கள். ஒருவருடைய நேர்மைக்குச் சான்று கூற வந்த மனிதரிடம் உமர் (ரலி) அவர்கள், அவரோடு பயணம் செய்ததுண்டா என்று வினவிய செய்தியையும் நாம் ஓதியிருக்கிறோம். இல்லை என்று அம்மனிதர் கூறியதும், அப்படியாயின் அவரை நீர் அறிந்தவரல்லர் என்று கலீஃபா அவர்கள் முடித்துவிட்டார்கள்.

பயணம் திரையை விலக்கும் என்பது முன்னோர் கண்ட உண்மை. ஆனால், கவனமாகத் திட்டமிட்ட ஒரு பயணம் ஒரு திரையை விலக்கும்போதே மற்றொரு திரையை இழுத்து மூடவும் கூடுமா? அப்பயணத்தில் மலரும் நட்பு உண்மையானதாகவே இருந்து, அந்த நட்பே அத்திரையாக மாறவும் கூடுமா? அமெரிக்க யூத இளைஞர்களைப் பத்து நாட்கள் இஸ்ரேலுக்கு அழைத்துச் செல்லும் பயணத் திட்டத்தைப் பற்றி 2010-இல் வெளிவந்த இரு நூல்களைப் படித்தபோது இக்கேள்விகள் நம்முள் எழுந்தன. ஒன்று, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஷால் கெல்னர் எழுதிய ‘டூர்ஸ் தட் பைண்ட்’. பிணைக்கும் பயணங்கள் என்று தமிழில் சொல்லலாம். மற்றொன்று, சாரா கிளிடன் என்ற ஓவியர் எழுதி வரைந்த சித்திர நூல். அறுபது நாட்களிலோ அதற்கும் குறைவாகவோ இஸ்ரேலைப் புரிந்துகொள்வது எப்படி என்பது அதன் பொருள்செறிந்த கேலித் தலைப்பு. இருவரும் யூதர்கள். ஒருவர் ஆய்வாளராகவும் மற்றவர் ஐயுற்ற பயணியாகவும் அந்தப் பேருந்தில் ஏறியவர்கள்.

பிறப்புரிமை என்னும் பெயர்

இப்பயணத் திட்டத்தின் ஆங்கிலப் பெயர் ‘பர்த்ரைட் இஸ்ரேல்’. பர்த்ரைட் என்றால் பிறப்புரிமை. ஹீப்ரு மொழியில் இதனைத் ‘தக்லித்’ என்பர்; கண்டடைதல் என்பது அதன் பொருள். 1990-இல் அமெரிக்க யூதரிடையே எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பு, 1985-க்குப் பின் மணம் புரிந்தோரில் 52 விழுக்காட்டினர் யூதரல்லாதவரை மணந்துள்ளனர் என்று அறிவித்தது. அந்த எண் பின்னாளில் மறுக்கப்பட்டது. எனினும் அது விளைத்த அச்சம் நிலைத்துவிட்டது. அடுத்த தலைமுறை தன்னை யூதர் என்று உணருமா என்ற கவலை சமுதாயத் தலைவர்களை வாட்டியது. ஒவ்வோர் யூத இளைஞருக்கும் இஸ்ரேலைக் காண ஒரு வாய்ப்புத் தரவேண்டும் என்ற எண்ணத்தை இஸ்ரேலிய அரசியலாளர் யோசி பெய்லின் முன்வைத்தார். செல்வந்தர்களான சார்லஸ் பிரான்ஃப்மனும் மைக்கேல் ஸ்டைன்ஹார்ட்டும் பொருளுதவி செய்ய முன்வந்தனர். இஸ்ரேல் அரசும் யூதச் சமுதாய அமைப்புகளும் பங்கேற்றன. 1999 டிசம்பரில் முதற்குழுக்கள் புறப்பட்டன. 18 வயது முதல் 26 வயது வரையிலானோர்க்குரிய திட்டம் இது. இடையில் சில ஆண்டுகள் 32 வயது வரை நீட்டிக்கப்பட்டது. பெற்றோரில் ஒருவராவது யூதராயின் போதும். விமானக் கட்டணம், தங்கும் இடம், பெரும்பாலான உணவு ஆகிய அனைத்தும் இலவசம். இதுவரை 8 லட்சத்திற்கும் மேற்பட்டோர் சென்று திரும்பியுள்ளனர்.

ஒரு சமுதாயம் தன் இளைஞரை இழந்துவிடுவோமோ என்று அஞ்சுவதை நாம் எள்ளி நகையாட இயலாது. சிறுபான்மையாய் வாழும் எச்சமுதாயமும் அறிந்த அச்சம் அது. நமது ஜமாஅத்துகளின் கூட்டங்களில் பேசப்படுவதும் பெரும்பாலும் இதுவே. ஆகவே இத்திட்டத்தை அணுகும்போது, அது தோன்றிய கவலையின் நேர்மையை முதலில் ஏற்றுக்கொள்வதே அறிவுக்கு அழகு.

பேருந்தின் உள்ளே

கெல்னரின் நூல் எடுத்த எடுப்பிலேயே எளிய விடைகளை மறுக்கிறது. இப்பயணம் பரப்புரை என்பாரும், இது தூய கல்வி என்பாரும் ஒருசேர ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றனர். இது அடிப்படையில் ஒரு சுற்றுலா என்பதே அது. சுற்றுலாவுக்கென்று ஒரு தன்மை உண்டு. அது காதால் கேட்பதைக் காட்டிலும் உடலால் உணர்வதை முதன்மையாக்குகிறது. மலையேறிய கால்வலி, பாலையின் வெயில், சாக்கடலில் மிதக்கும் வியப்பு, சந்தையின் மணம் ஆகிய அனைத்தும் சேர்ந்து ‘நான் அங்கே இருந்தேன்’ என்ற உறுதியைத் தருகின்றன. ஆயிரம் சொற்பொழிவு தரமுடியாத உறுதி அது.

அதனினும் முக்கியமானது பேருந்து. ஏறத்தாழ நாற்பது பேர்; பெரும்பாலோர் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர். அறிமுக விளையாட்டுகளில் தொடங்குகிறது பயணம். பெயர்கள் மனத்தில் பதிகின்றன. விடியுமுன் எழுதல், நள்ளிரவுக்குப் பின் உறங்குதல், ஒரே உணவு, ஒரே களைப்பு, ஒரே பாட்டு. மூன்றாம் நாளில் தங்களுக்குள் மட்டும் விளங்கும் கேலிச்சொற்கள் தோன்றிவிடுகின்றன. இரவில் வட்டமாக அமர்ந்து, யூதராயிருத்தல் என்பது எனக்கு என்ன என்று ஒவ்வொருவரும் மனம் திறக்கின்றனர். வீட்டில் எவரிடமும் சொல்லாததை இங்கே சொல்கின்றனர். ஐந்தாறு நாட்களில் அந்நியர் உற்ற நண்பராகிவிடுகின்றனர். இந்தக் கேளிக்கையும் களிப்பும் கொள்கை என்னும் கசப்பு மருந்தின் மேல் பூசிய தேன் என்று கருதுவது தவறு என்பதே கெல்னரைப் படிக்கையில் நாம் உணர்வது. களிப்பே இங்கு வேலை செய்கிறது. சில வேளைகளில் அது நோக்கத்தையே மறக்கடித்து, இளைஞர் காட்சியைக் காணாமல் தம் அரட்டையில் மூழ்கிவிடுவதும் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இங்கே நமக்கு இப்னு கல்தூன் (ரஹ்) நினைவுக்கு வருகிறார்கள். 1377-இல் எழுதிய ‘முகத்திமா’வில் அவர்கள் ‘அஸபிய்யா’ என்னும் இனப்பிணைப்பை ஆராய்கையில் ஒரு துணிவான கருத்தை வைக்கிறார்கள். நஸப் என்னும் வம்சாவளி உண்மையில் ஒரு கற்பிதமே. அது உண்டாக்கும் பிணைப்பிலும் நெருக்கத்திலுமே அதன் பயன் அடங்கியுள்ளது என்பது அக்கருத்து. கூடி வாழ்தலும் நெடும்பழக்கமும் உடன்படிக்கையும்கூட இரத்த உறவுக்கு நிகரான பிணைப்பைத் தரும் என்றும் அவர்கள் காட்டுகிறார்கள். தக்லித் பேருந்தில் நிகழ்வது இதுவே. நியூயார்க்கில் பிறந்த இளைஞனுக்கும் பியூனஸ் அயர்ஸில் பிறந்த இளம்பெண்ணுக்கும் வம்சாவளி என்பது ஆவணத்தில் மட்டும் இருந்த ஒன்று. கூட்டாளிகள் கிடைத்தபோதுதான் அது நெஞ்சில் இறங்குகிறது. பிறப்புரிமை என்று பெயர் சூட்டப்பட்டது பிறப்பால் கிட்டியதன்று. பத்து நாளில் உருவாக்கப்பட்டது. இச்செய்தியை ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்த ஒருவரை நாம் பாடநூலாக வைத்திருக்கிறோம், பயன்படுத்தத்தான் தவறுகிறோம்.

பிராண்டைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் லியனார்ட் சாக்ஸ், இத்திட்டத்தின் கல்வி வடிவமைப்பில் பங்குகொண்ட பாரி சாசனுடன் இணைந்து 2008-இல் வெளியிட்ட நூலும் இதற்குத் துணை நிற்கிறது. விண்ணப்பித்துச் செல்லாதோருடன் ஒப்பிடுகையில், சென்று வந்தோர் இஸ்ரேலுடன் கூடுதல் நெருக்கம் கொள்வதாகவும் யூதரையே மணக்க நாட்டம் காட்டுவதாகவும் சாக்ஸ் குழுவினரின் தொடர் ஆய்வுகள் தெரிவிக்கின்றன. திட்டத்திற்கு அணுக்கமானோர் செய்த மதிப்பீடு என்பதை மனத்தில் இருத்திக்கொண்டே இதனைப் படிக்கவேண்டும். எனினும் அம்முடிவை ஐயுற நமக்குக் காரணம் ஏதும் தென்படவில்லை. பத்து நாள் தோழமை அவ்வளவு வலியது.

இக்குழுக்களில் சில நாட்கள் இஸ்ரேலிய இளைஞர் சிலரும் சேர்ந்துகொள்கின்றனர். அவர்களுள் பலர் படைப்பணியில் இருப்போர். இதனை ஹீப்ருவில் ‘மிஃப்காஷ்’, அதாவது சந்திப்பு என்பர். அவர்கள் விருந்தாளிகளோடு பாடுகின்றனர், உண்கின்றனர், உறங்குகின்றனர். பின்னர் ஹெர்ஸல் மலையில் உள்ள இராணுவ இடுகாட்டுக்குச் செல்லும்போது, நேற்றுவரை பக்கத்து இருக்கையில் அமர்ந்து சிரித்தவன் தன் மாண்ட தோழனைப் பற்றிப் பேசுகிறான். அந்தக் கண்ணீரைப் பொய் என்று எவரும் சொல்ல முடியாது. அதன்பின் ‘இஸ்ரேலியப் படைவீரன்’ என்ற சொல்லுக்கு அப்பயணியின் உள்ளத்தில் ஒரு முகமும் பெயரும் சிரிப்பும் உண்டு. ‘ஃபலஸ்தீனர்’ என்ற சொல்லுக்கோ அவ்வாறான முகம் இல்லை. அவரைப் பற்றி வழிகாட்டி பேசுவார்; பல வேளைகளில் நடுநிலையோடும் பேசுவார். ஆனால் அவர் அந்தப் பேருந்தில் இல்லை. குடிமக்களான இஸ்ரேலிய அரபுகளைச் சந்திக்கும் அமர்வுகள்கூட 2017-இன் இறுதியில் நிறுத்தி வைக்கப்பட்டதாகச் செய்தி வெளியாயிற்று. ஒரு சாராரைத் தோழமையால் அறிவதும் மறுசாராரைத் தகவலால் அறிவதும் ஒருபோதும் ஒரே தட்டில் நிற்கா. நமது பார்வையில் இப்பயணத்தின் மையமான குறை இதுவே.

கெல்னரின் நூல் இக்குறையை உணர்த்தும் சான்றுகளை வழங்கினாலும், அதன் மீது தீர்ப்புக் கூறுவதில் தயங்கி நிற்கிறது. பேருந்து எவ்வாறு இயங்குகிறது என்பதே அவருடைய வினா. அது எதன் மீது ஓடுகிறது என்பது அவ்வளவாக அன்று. ஆய்வாளருக்குரிய அடக்கம் என்று இதைப் பாராட்டலாம். அந்த அடக்கத்தால் நூல் தன் வாசற்படியிலேயே நின்றுவிட்டது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மையே.

ஐயம் கொண்ட பயணி

சாரா கிளிடன் 2007-இல் இப்பயணத்தை மேற்கொண்டவர். இஸ்ரேல் அரசின் கொள்கைகளைக் கடுமையாக விமர்சிப்பவர். ஏமாறப் போவதில்லை என்ற உறுதியுடன் குறிப்பேடும் கையுமாய் ஏறுகிறார். நூலின் சிறப்பு அவர் தம்மையே கேலிக்குள்ளாக்குவதில் இருக்கிறது. தம் உள்ளத்தில் ஒரு நீதிமன்றத்தை வரைகிறார். வழக்கறிஞரும் அவரே, நீதிபதியும் அவரே. இப்பயணம் என்னை மயக்கப் பார்க்கிறது என்பது ஒரு கட்சி. இது நியாயமானதாகவே தோன்றுகிறது என்பது எதிர்க்கட்சி. வழிகாட்டி எதிர்பார்த்ததைவிட நேர்மையாகப் பேசும்போது அவர் நிம்மதி அடையவில்லை, குழப்பமே அடைகிறார். சண்டையிட வந்தவருக்கு அன்பு கிடைக்கும்போது நேரும் தடுமாற்றம் அது. ஒரு கட்டத்தில் அழுதுவிடுகிறார். மென்மையான நீர்வண்ணத்தில் அமைந்த அந்தச் சித்திரங்கள் இத்தடுமாற்றத்தைப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன.

பயணம் முடிந்தபின் மேலும் சில நாட்கள் தங்கி ரமல்லாவுக்குச் செல்ல வேண்டும் என்பது அவரது திட்டம். ஆனால் அங்குச் செல்லாமலேயே திரும்புகிறார். இதனைச் சிலர் நூலின் தோல்வி என்பர். நமக்கோ இதுவே நூலின் மிக நேர்மையான பக்கமாகப்படுகிறது. தாம் செல்லவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை; சாக்குச் சொல்லி மெழுகவுமில்லை. எவரும் அவரைக் கட்டிப்போடவில்லை. ஆயினும் பத்து நாள் பழகிய அச்சமும் அன்பும் கால்களைப் பிடித்துக்கொண்டன. கொள்கைத் தெளிவுள்ள, கூர்த்த அறிவுள்ள ஒருவருக்கே இதுவென்றால், பத்தொன்பது வயது மாணவரின் நிலை என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனினும் ஒரு குறை. நூல் முழுவதும் கேள்வி ‘நான் யார்’ என்பதையே சுற்றி வருகிறது. தன்னை அறியும் வேட்கையில் மற்றவர் ஒரு கண்ணாடியாகிவிடுகின்றனர். ஃபலஸ்தீனரின் துயரம்கூட இவருடைய மனச்சான்றின் சோதனையாகவே உருக்கொள்கிறது. அவர்களுக்கென்று தனிக்கதை உண்டு என்பது வாசகருக்குத் தட்டுப்படுவது அரிது.

காட்டப்பட்டவையும் காட்டப்படாதவையும்

பயணத்தின் இடங்கள் மூன்றினை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மஸாதா என்னும் மலைக்கோட்டை. விடியுமுன் ஏறி, சாக்கடலின் மேல் சூரியன் எழுவதை இளைஞர் ஒன்றாக நின்று காண்கின்றனர். ரோமப் படையிடம் சரணடைய மறுத்து 960 பேர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்ட கதை அங்கே சொல்லப்படுகிறது. அக்கதைக்கு நமக்குள்ள ஒரே பழைய ஆதாரம் யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ். அதே ஜோசஃபஸ், அக்கோட்டையிலிருந்தோர் ‘ஸிகாரி’ என்னும் குத்துவாள் கூட்டத்தார் என்றும், அருகிலிருந்த எங்கேதி என்னும் யூத ஊரைக் கொள்ளையிட்டுப் பெண்கள், குழந்தைகள் உள்ளிட்ட 700-க்கும் மேற்பட்டோரைக் கொன்றனர் என்றும் எழுதியுள்ளார். ஹீப்ரு பல்கலைக்கழகச் சமூகவியலாளர் நக்மன் பென் யெஹூதா, இப்பகுதி எவ்வாறு தேசியக் கதையிலிருந்து உதிர்க்கப்பட்டது என்பதை 1995-இல் ஒரு நூலாகவே எழுதினார். தம் சமுதாயத்தின் மிக இனிய கதையைத் தாமே கீறிப் பார்க்கும் அறிஞர் அங்கே உண்டு என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

அடுத்தது யாத் வஷெம் என்னும் நினைவகம். நாஜிகள் 60 லட்சம் யூதரைக் கொன்றொழித்த வரலாற்றை அது பேசுகிறது. இங்கே நாம் நம்மவரை நோக்கி ஒன்று சொல்லியாக வேண்டும். அப்படுகொலையை ஐயுறுவோரும் குறைத்துரைப்போரும் நம் மேடைகளிலும் உண்டு. ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனிதகுலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பு என்று போதிக்கும் மார்க்கத்தாருக்கு இது இழுக்கு. அந்நினைவகத்தில் இளைஞர் சிந்தும் கண்ணீர் மெய்யான கண்ணீர். நாமும் சிந்த வேண்டிய கண்ணீர். நினைவகத்தின் காட்சிக்கூடம் முடிவுறும் இடத்தில், ஜெரூஸலத்தின் குன்றுகளை நோக்கித் திறக்கும் ஒரு மாடம் உள்ளது. ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில்தான் தைர் யாஸீன் என்ற சிற்றூர் இருந்தது. 1948 ஏப்ரல் 9 அன்று அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கிராமவாசிகள் யூத ஆயுதக் குழுக்களால் கொல்லப்பட்டனர். அந்த மாடத்தில் நிற்போர்க்கு அத்திசையைச் சுட்டிக்காட்டும் விரல் இல்லை.

மூன்றாவது, நாம் ‘ஹாயித்துல் புராக்’ என்றும் அவர்கள் மேற்குச் சுவர் என்றும் அழைக்கும் இடம். வெள்ளி மாலை ஸப்பத் தொடங்கும் வேளையில் இளைஞர் அங்குள்ள விரிந்த முற்றத்தில் கைகோத்துப் பாடி ஆடுகின்றனர். பலருக்கு இப்பயணத்தின் உச்சம் அதுவே. அந்த முற்றம் 1967 ஜூன் 10 வரை முற்றமாக இருக்கவில்லை. மக்ரிபிகளின் குடியிருப்பு என்று பெயர்பெற்ற ‘ஹாரத்துல் மகாரிபா’ அங்கே இருந்தது. ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் மகன் அல்அஃப்ளல் 1193-இல் மேற்கு நாட்டு முஸ்லிம்களுக்காக வக்ஃபு செய்த இடம் அது. போர் முடிந்த இரவில் சில மணி நேர அவகாசத்தில் மக்கள் வெளியேற்றப்பட்டு, சுமார் 135 வீடுகள் தரைமட்டமாக்கப்பட்டன. மாலிகி மாணவர்க்காக அல்அஃப்ளல் நிறுவிய அஃப்ளலிய்யா மதரஸாவின் கட்டடமும் அவற்றோடு போயிற்று. மதரஸாவில் வாழ்நாளைக் கழிக்கும் நமக்கு, எட்டு நூற்றாண்டுப் பாடசாலை ஒன்றின் மேல் நடனமாடும் கால்கள் வேதனை தருகின்றன. அக்கால்களுக்குரியோர் அதை அறியார் என்பது வேதனையைக் குறைக்கவில்லை. அதன் தன்மையை மாற்றுகிறது. அவர்கள் மீது கோபம் எழவில்லை. அவர்களுக்குச் சொல்லாமல் விட்டவர்கள் மீதே எழுகிறது.

பிறப்புரிமை என்ற சொல்லும் இங்கேதான் தன் முழுக்கனத்தையும் காட்டுகிறது. 1950-இல் இயற்றப்பட்ட ‘திரும்பி வரும் உரிமைச் சட்டம்’ உலகின் எந்த யூதரும் இஸ்ரேலில் குடியேற வழி செய்தது. 1970-இல் பேரப்பிள்ளைகளுக்கும் அது விரிக்கப்பட்டது. 1948-இல் வீடிழந்த ஏழு லட்சத்திற்கும் மேற்பட்ட ஃபலஸ்தீனர் திரும்புவது குறித்து ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று 194-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அது நிறைவேற்றப்பட்டது ஏட்டில் மட்டுமே. அந்த மண்ணைக் கண்டிராத ஒருவரின் பேரனுக்கு இலவச விமானச் சீட்டு. அங்கே பிறந்து சாவியோடு வெளியேறியவரின் பேரனுக்கு எல்லையில் தடை. நமக்கு முன்பே இந்த முரணை உரக்கச் சொன்னவர்கள் அமெரிக்க யூத இளைஞரே என்பதையும் பதிவு செய்வது நீதி.

பேருந்திலிருந்து இறங்கியோர்

2018 ஜூனில் ஐந்து இளம்பெண்கள் தம் பயணத்தின் இறுதி நாளில் குழுவிலிருந்து விலகினர். அல்கலீல் என்னும் ஹெப்ரோன் நகருக்கு, முன்னாள் இஸ்ரேலியப் படைவீரர் அமைப்பான ‘பிரேக்கிங் த ஸைலன்ஸ்’ நடத்தும் பார்வையிடலில் சேர்ந்துகொண்டனர். அடுத்த மாதமே மற்றொரு குழுவிலிருந்தும் சிலர் விலகினர். அரசியல் நாடகம் என்று இதனைக் கண்டித்தோர் உண்டு. முன்கூட்டியே திட்டமிட்டிருக்கலாம். ஆயினும் பத்து நாள் சேர்ந்து உண்டு, பாடி, அழுத நண்பர்களின் முகங்களுக்கு முன்னே எழுந்து நின்று ‘நாங்கள் இறங்குகிறோம்’ என்று சொல்வது எளிதன்று. கிளிடனால் தனியே செய்ய இயலாமற்போனதை இவர்கள் கூடிச் செய்தனர். தோழமை கால்களைப் பிணைக்கவும் செய்கிறது. ஐவர் சேர்ந்தால் நடக்கவும் வைக்கிறது.

அஸபிய்யா என்றால் என்ன என்று கேட்கப்பட்டபோது, தன் கூட்டத்தாருக்கு அவர்களின் அநியாயத்தில் துணை நிற்பது என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கமளித்ததாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். தன் மக்களை நேசிப்பது இதில் அடங்காது. நேசிப்பவரின் அநியாயத்தைத் தடுப்பதே அவருக்குச் செய்யும் உதவி என்றும் அவர்கள் போதித்திருக்கிறார்கள். அந்த ஐவரும் இந்த ஹதீஸை அறிந்திருக்கமாட்டார்கள். அதன் பொருளை அறிந்திருந்தனர்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் இசை விழாவுக்கு வந்த, இந்தப் பயணிகளின் வயதையொத்த இளைஞர். போர் தொழில் அல்லாதவரைக் கொல்வதை நம் ஃபிக்ஹு எக்காலத்தும் அனுமதித்ததில்லை. அதன்பின் காஸாவில் பல்லாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் பெண்களும் குழந்தைகளும். தக்லித் பயணம் சில மாதங்கள் நின்று, 2024 தொடக்கத்தில் மீண்டும் ஓடத் தொடங்கியது. துக்கம் தோய்ந்த இடங்கள் புதிதாகச் சேர்ந்தன. வேலிக்கு இப்பால் நின்று அழுவோர்க்கு, வேலிக்கு அப்பால் உள்ள அழுகையைக் கேட்க இன்றும் ஓர் ஏற்பாடு இல்லை. கெல்னரும் கிளிடனும் எழுதிய காலத்தைவிட இன்று அந்தக் குறை பன்மடங்கு பெருத்திருக்கிறது.

நமது பேருந்து

நம் இதழ்களில் இப்பயணத்தைப் பற்றி எழுதுவோர் ‘மூளைச்சலவை’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்வது வழக்கம். இந்நூல்களைப் படித்தபின் அச்சொல் நமக்குப் போதவில்லை. மூளையைச் சலவை செய்வதாயின் எதிர்வாதத்தால் மீட்டுவிடலாம். இங்கே நிகழ்வது நட்பு. நட்பை எவரும் வாதத்தால் வென்றதில்லை. அதனைவிட விரிந்த நட்பு ஒன்றே அதற்கு மாற்று.

அதற்கு நம் மரபிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. செவில் நகரத்து அபூபக்ர் இப்னுல் அரபி (ரஹ்) அவர்கள் 1092-இல் தம் தந்தையுடன் கிழக்கு நோக்கிப் புறப்பட்டபோது வயது பதினேழைத் தாண்டவில்லை. ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் பைத்துல் முகத்தஸை அடைந்தவர், அங்கு நிலவிய கல்விச் சூழலைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டார். பல பிரிவு முஸ்லிம்களோடும் யூத, கிறிஸ்தவ அறிஞரோடும் அங்கே நடந்த விவாதங்களை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். யூத அறிஞர் ஒருவரின் வாதத் திறமையையும் குறிப்பிடுகிறார். சிலுவைப்போர் படையினர் 1099-இல் அந்நகரைச் சிதைப்பதற்குச் சில ஆண்டுகளே எஞ்சியிருந்த காலம் அது. ஓர் இளைஞனின் மரபுப் பயணம் எப்படியிருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி நமக்குத் தெரியவில்லை. தன்னவரைத் தேடிச் சென்றவர் மற்றவரையும் கண்டார். ஈமானில் எதையும் இழக்கவில்லை.

இதைச் சொல்லும் தகுதி நமக்கு இருக்கிறதா? சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உம்ராக் குழுவுக்கு வழிகாட்டியாகச் சென்றிருந்தோம். அங்கும் நாற்பத்தைந்து பேர், ஒரு பேருந்து. மூன்றாம் நாளில் அந்நியர் அனைவரும் காக்கா, லாத்தா என்று உறவாகிவிட்டனர். ஹரமுக்கு அருகே வானளாவி நிற்கும் கடிகாரக் கோபுரத்தின் கீழ் நடக்கையில், குழுவிலிருந்த கல்லூரி மாணவர் ஒருவர், ‘ஹஜரத், இது கட்டுறதுக்கு முன்னாடி இங்கே என்ன இருந்துச்சு?’ என்று கேட்டார். உஸ்மானியர் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய அஜ்யாத் கோட்டை அங்கே இருந்தது. 2002-இல் அது இடிக்கப்பட்டது. அது நின்ற குன்றும் தகர்க்கப்பட்டது. நமக்குத் தெரியும். ஆனால் அஸருக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் குழுவை நகர்த்திவிட்டோம். அமல் செய்ய வந்த இடத்தில் மக்கள் மனம் சஞ்சலப்பட வேண்டாம் என்பது அப்போது நாம் நமக்கே சொல்லிக்கொண்ட காரணம். குழுவின் மகிழ்ச்சியைக் கெடுக்க விரும்பாத எந்த வழிகாட்டியும் சொல்லிக்கொள்ளும் காரணம் அது.

ஒரு குடியிருப்பிலிருந்து மக்களைத் துரத்துவதும், ஓர் அரசு தன் நாட்டில் ஒரு பழங்கோட்டையை இடிப்பதும் ஒன்றல்ல. அவற்றைச் சமன்படுத்துவது நம் நோக்கமன்று. ஆனால் காட்டாமல் நகர்த்திச் செல்லும் பழக்கம் இரு பேருந்துகளிலும் ஒன்றே. மார்க்கத்தையும் மரபையும் இளைஞர் உள்ளத்தில் பதியவைக்க நம்மவரும் இன்று குழுப்பயணங்களை ஏற்பாடு செய்கின்றனர். அவை பெருகட்டும். ஆனால் நம்மோடு வரும் இளைஞர் கேட்கும் கேள்விக்கு நின்று விடை சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்காவிட்டால், பிறர் பயணத்தின் திரையைப் பற்றிப் பேச நமக்கு நாவு எழாது.

அந்த மாணவர் பிறகு நம்மிடம் எதுவும் கேட்கவில்லை. ஊர் திரும்பும்வரை மிக்க மரியாதையுடனேயே நடந்துகொண்டார். உமர் (ரலி) அவர்களின் வினாவை அவரிடம் யாரேனும் கேட்டால், ஆம், அவரோடு பயணம் செய்திருக்கிறேன் என்று அவர் சொல்லக்கூடும். அதன்பின் நம்மைப் பற்றி அவர் என்ன சான்று கூறுவார் என்பதை எண்ணும்போதுதான் உள்ளம் நடுங்குகிறது.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.